குடிக்காத குதிரைக்கு உப்பு

நாற்பது கிலோமீட்டர் ஓடிவிட்டுக் குதிரை வந்து நிற்கிறது. கழுத்தில் வியர்வை காய்ந்து வெள்ளைக் கோடுகளாகப் படிந்திருக்கிறது. பின்தொடைகளுக்கு நடுவே சோப்பு நுரை மாதிரி திரண்டிருக்கிறது. முகத்துக்கு நேரே வாளி நிறையத் தண்ணீர். குதிரை உதட்டை மட்டும் நனைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. "தாகம் இல்லை போல" என்கிறார் ஒருவர். இன்னொருவர் கையில் ஊசியில்லாத பெரிய சிரிஞ்ச், அதற்குள் கெட்டியான உப்புக் குழம்பு. அதை இப்போது வாயில் செலுத்துவதா, வேண்டாமா?

நெடுந்தூரக் குதிரைப் போட்டிகளில் எலக்ட்ரோலைட் (வியர்வையில் போகும் உப்புகளின் கலவை) பற்றி நடக்கும் பேச்செல்லாம் "எத்தனை கிராம்" என்பதிலேயே சுற்றிச் சுற்றி வருகிறது. எந்த நிறுவனத்தின் பொடி, எத்தனை மணிக்கு ஒருமுறை, குழம்பாகவா, கரைசலாகவா என்று. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது அந்த வாளியை. குதிரை ஏன் குடிக்கவில்லை என்பது புரிந்தால், உப்பு எப்போது உதவும், எப்போது கெடுக்கும் என்பது பெரும்பாலும் தானாகவே புரிந்துவிடும்.

ஓடும் தசை எரிக்கும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் ஓட்டமாக மாறுகிறது. மீதியெல்லாம் வெப்பம். அந்த வெப்பத்தை வெளியேற்றாவிட்டால் உடல் கொதித்துவிடும். குதிரைக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. உடல் பெரிது, அந்த எடைக்கு ஏற்ற தோல் பரப்பு இல்லை. மனிதனோடு ஒப்பிட்டால், ஒவ்வொரு கிலோ உடல் எடைக்கும் அதனிடம் இருக்கும் தோல் மிகக் குறைவு. அதனால் இருக்கிற தோலை வைத்து வியர்த்துத் தள்ளுகிறது. வெயிலும் புழுக்கமும் சேர்ந்த நாளில் கடுமையாக ஓடும் குதிரை மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வியர்வை இழக்கலாம். இதமான நாளில், நிதானமான வேகத்தில் இதில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த நுரைக்கும் ஒரு காரணம் இருக்கிறது. குதிரையின் வியர்வையில் லாத்தரின் என்றொரு புரதம் உண்டு. சோப்பு செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்கிறது. எண்ணெய்ப் பசையுள்ள அடர்ந்த ரோமத்தில் வியர்வை முத்து முத்தாக நின்றுவிடாமல் பரவி ஆவியாக இது வழிசெய்கிறது. சேணம் உரசும் இடத்திலும் தொடைகள் ஒன்றோடொன்று தேயும் இடத்திலும் நுரைத்துக்கொள்வது இதனால்தான்.

இப்போது உப்புக்கு வருவோம். மனித வியர்வை இரத்தத்தைவிட நீர்த்தது. வியர்வைச் சுரப்பியின் குழாயிலேயே நம் உடல் உப்பில் ஒரு பங்கைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. குதிரை அப்படிச் சேமிப்பதில்லை. அதன் வியர்வை இரத்தத்துக்கு ஈடான உப்புக் கரைசல், சில சமயம் அதைவிடவும் செறிவானது. ஒரு லிட்டர் குதிரை வியர்வையில் சோடியம் ஏறக்குறைய 3 கிராம், குளோரைடு 6 கிராம், பொட்டாசியம் ஒன்று முதல் ஒன்றரை கிராம். கால்சியமும் மக்னீசியமும் சொற்பம். மொத்தம் சேர்த்தால் லிட்டருக்குச் சுமார் 10 கிராம். 30 லிட்டர் வியர்த்த குதிரை 300 கிராம் உப்பை வழியெங்கும் சிந்திவிட்டு வந்திருக்கிறது. கழுத்தில் காய்ந்திருந்த அந்த வெள்ளைக் கோடுகள் அதில் ஒரு துளிதான்.

தாகம் ஏன் எடுக்கவில்லை என்பதற்கான விடையும் இங்கேயே இருக்கிறது. மூளையில் தாகத்தைக் கிளப்பும் பகுதி, உடலில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று நேரடியாக அளப்பதில்லை. இரத்தம் எவ்வளவு உப்புக்கரிக்கிறது என்பதைத்தான் முக்கியமாகக் கவனிக்கிறது. நாம் வியர்த்தால் தண்ணீர் அதிகமாகவும் உப்பு குறைவாகவும் போகிறது, மிஞ்சிய இரத்தம் செறிவாகிறது, தொண்டை வறள்கிறது. குதிரைக்குத் தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போய்விடுவதால் மிஞ்சிய இரத்தத்தின் செறிவு பெரிதாக மாறுவதில்லை. அளவு குறைந்திருக்கிறது, ருசி மாறவில்லை என்று சொல்லலாம். மூளைக்கு எச்சரிக்கை மணி அடிப்பதில்லை. ஓட்டத்தின் முடிவில் உடல் எடையில் 3 முதல் 7 சதவீதம் வரை குறைந்திருப்பது இந்தக் குதிரைகளில் அளந்து பார்த்த விஷயம். 450 கிலோ குதிரைக்கு 5 சதவீதம் என்றால் இருபத்திரண்டு கிலோவுக்கு மேல். அத்தனை இழந்த பிறகும் அது வாளியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியும். அடம் பிடிக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

இன்னொரு சிக்கல் உண்டு. அப்படியே குடிக்க ஆரம்பித்தாலும் வெறும் தண்ணீர் இரத்தத்தைச் சட்டென்று நீர்க்கச் செய்துவிடும். இருந்த கொஞ்சத் தாகமும் அணைந்துவிடும். சில மடக்கு குடித்துவிட்டு நிறுத்திவிடுகிற குதிரையைப் பார்த்து "போதும் என்று அதற்கே தெரியும்" என்று சொல்பவர்கள் உண்டு. அதற்குத் தெரிவதில்லை.

எலக்ட்ரோலைட் கொடுப்பதன் முதல் பயன் இந்த இடத்தில்தான். இழந்ததை ஈடுகட்டுவது இரண்டாவது. இரத்தத்தில் சோடியம் கொஞ்சம் ஏறினால் தாகம் மீண்டும் எழுகிறது, குதிரை வாளியைத் தேடுகிறது, குடித்த தண்ணீரும் சிறுநீராக ஓடிவிடாமல் உடலில் தங்குகிறது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நீரிழப்புக்கு ஆளான குதிரைகளுக்கு முதல் வாளியாகச் சாதாரணத் தண்ணீருக்குப் பதில் உப்புத் தண்ணீரும், அதன் பிறகு சாதாரணத் தண்ணீரும் கொடுத்துப் பார்த்தார்கள். உப்புத் தண்ணீரில் தொடங்கியவை மொத்தமாக அதிகம் குடித்தன, இழந்த எடையையும் கூடுதலாக மீட்டன. அவர்கள் கொடுத்த உப்புத் தண்ணீரில் ஒன்றின் செறிவு 0.9 சதவீதம், அது இரத்தத்துக்கு ஒத்தது. 10 லிட்டர் வாளிக்கு 90 கிராம் உப்பு.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் போட்டி நாளில் முதல் தடவையாக உப்புத் தண்ணீரை நீட்டினால் முக்கால்வாசிக் குதிரைகள் முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கும். வாரக்கணக்கில் லாயத்திலேயே பழக்க வேண்டும். பயிற்சி ஓட்டம் முடிந்து உடம்பு சூடாக இருக்கும்போதே நீட்டிப் பழக்கினால் ஏற்றுக்கொள்ளும். எப்போதும் பக்கத்தில் சாதாரணத் தண்ணீர் வாளி ஒன்றும் இருக்க வேண்டும். உப்புத் தண்ணீர் மட்டும்தான் என்று கட்டாயப்படுத்தினால் குடிக்காமலே இருந்துவிடும், அப்புறம் எல்லாம் வீண். தண்ணீரின் சூடும் ஒரு விஷயம். ஓடி முடித்த குதிரைகளுக்கு 10, 20, 30 டிகிரி செல்சியஸில் திரவம் கொடுத்துப் பார்த்தபோது 20 டிகிரியில் இருந்ததைத்தான் அதிகம் குடித்தன. ஐஸ் போட்ட வாளி பார்ப்பவருக்குத்தான் குளிர்ச்சி.

சரி, பழகாத குதிரைக்கு என்ன வழி? அந்தச் சிரிஞ்ச்தான். ஆப்பிள் கூழிலோ தண்ணீரிலோ உப்பைக் குழைத்து, கடைவாய்ப் பக்கமாக நுழைத்து, நாக்கின் பின்பகுதியில் விழும்படி மெதுவாக அழுத்துவார்கள். குதிரை மேலுதட்டைச் சுருட்டும், தலையை வானத்துக்குத் தூக்கும், பாதியை நம் சட்டையில் துப்பும். ஒரு தடவைக்கு 30 முதல் 60 கிராம் என்பது வழக்கமான அளவு.

இங்கேதான் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 60 கிராம் உப்பு இரத்தத்தின் செறிவுக்கு நீர்க்க வேண்டுமானால் அதற்கு ஆறு ஏழு லிட்டர் தண்ணீர் தேவை. குதிரை அதைக் குடித்தால் நல்லது. குடிக்காவிட்டால்? குடலுக்குள் இருக்கும் செறிவான உப்பு, சவ்வூடு பரவல் விதிப்படி இரத்தத்திலிருந்தே தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். உப்பு உறிஞ்சப்பட்ட பிறகு அந்த நீர் திரும்பிவிடும் என்பது உண்மை. ஆனால் ஏற்கெனவே இரத்த அளவு குறைந்து, இதயம் வேகமாக அடித்துக்கொண்டிருக்கும் குதிரைக்கு அந்த இடைவேளை ஆபத்தானது. அதனால் அனுபவமுள்ளவர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: குதிரை நன்றாகக் குடித்த பிறகு கொடு, அல்லது கொடுத்ததும் குடிக்கும் என்று தெரிந்த குதிரைக்குக் கொடு. பல மணி நேரமாகக் குடிக்காமல், தின்னாமல், ஈறு வறண்டு, வயிற்றில் குடல் சத்தமே கேட்காத குதிரைக்குக் கெட்டிக் குழம்பைத் திணிப்பது மருந்தாகாது. அந்தக் குதிரையைக் கால்நடை மருத்துவரிடம்தான் கொண்டுபோக வேண்டும். வயிற்றுக்குழாய் வழியாகவோ இரத்தக் குழாய் வழியாகவோ திரவம் ஏற்றுவது அவர் முடிவு. அன்றைய ஓட்டம் அத்தோடு முடிந்தது.

தொடக்கத்தில் பார்த்த குதிரைக்கும் இதுதான் பதில். பத்து நிமிடம் பொறுக்கலாம். கழுத்திலும் கால்களுக்கு நடுவிலும் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாம். ஈரமான புல்லையோ தண்ணீரில் ஊறவைத்த தீவனத்தையோ முன்னால் வைக்கலாம். தின்ன ஆரம்பித்தால் பெரும்பாலான குதிரைகள் சற்று நேரத்தில் குடிக்கவும் செய்யும். அதன் பிறகு சிரிஞ்சை எடுக்கலாம், அதுவும் பாதி அளவில்.

வயிற்றுப்புண் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். குதிரையின் இரைப்பையில் மேற்பகுதிக்கு அமிலத்தைத் தாங்கும் சளிப் பாதுகாப்பு கிடையாது. செறிவான எலக்ட்ரோலைட்டை மணிக்கு ஒருமுறை என்று எட்டு மணி நேரம் கொடுத்துப் பார்த்த ஒரு ஆய்வு 2005-ல் வெளியானது. உப்பு வாங்கிய குதிரைகளின் இரைப்பையில் புண்களும் அவற்றின் தீவிரமும் கூடியிருந்தன. நீண்ட ஓட்டத்தில் இந்த அட்டவணையைத்தான் பலர் பின்பற்றுகிறார்கள் என்பதால் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. வெறும் வயிற்றில் கொடுக்காமல், கொஞ்சமாவது தின்ற பிறகு கொடுப்பதும், குழம்பை நீர்க்கச் செய்து கொடுப்பதும், கொடுத்த பின் வாயைத் தண்ணீரால் கழுவிவிடுவதும் நல்லது. உப்பு ஒட்டிய வாயோடு தீவனத்தைத் தொடாத குதிரைகள் உண்டு.

பொடியில் என்ன இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு வியர்வையே பதில் சொல்லிவிடுகிறது: பெரும்பங்கு சோடியம் குளோரைடு, அதற்கடுத்து பொட்டாசியம் குளோரைடு, கொஞ்சம் கால்சியம், மக்னீசியம். இரண்டு பங்கு சாதாரண உப்பு, ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு என்பது பலர் வீட்டிலேயே கலக்கும் விகிதம். விற்பனைக்கு வரும் சில டப்பாக்களில் பொருள்களின் பட்டியலைப் படித்தால் முதலிடத்தில் சர்க்கரை இருக்கும். சுவைக்காகச் சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் 30 கிராம் கரண்டியில் பாதி சர்க்கரை என்றால் குதிரைக்குக் கிடைத்த உப்பு 15 கிராம்தான், அதாவது ஒன்றரை லிட்டர் வியர்வைக்கு ஈடு. வயிற்றுப்போக்குக்கு மனிதர்கள் குடிக்கும் கரைசலில் குளுக்கோஸ் சோடியத்தைக் கூடவே குடல் சுவருக்குள் இழுத்துச் செல்லும், அங்கே அது அவசியம். ஆரோக்கியமான குதிரைக் குடல் சர்க்கரையின் துணை இல்லாமலும் உப்பை நன்றாகவே உறிஞ்சிக்கொள்கிறது.

சேர்க்கக் கூடாத ஒன்றும் உண்டு, சமையல் சோடா. குறுகிய தூரம் பாய்ந்து ஓடும் குதிரையின் தசையில் லாக்டிக் அமிலம் தேங்கும், அங்கே காரம் உதவும் என்ற நினைப்பு பழையது. நெடுந்தூர ஓட்டத்தில் நடப்பது நேர்மாறு. வியர்வை குளோரைடை அள்ளிக்கொண்டு போகிறது. மின்னூட்டச் சமநிலை கெடக் கூடாது என்பதால் அந்த இடத்தை, சமையல் சோடாவில் இருக்கும் அதே காரப் பொருளான பைகார்பனேட் பிடித்துக்கொள்கிறது. இரத்தம் காரப் பக்கம் சாய்கிறது. அந்தக் குதிரைக்குச் சோடா கொடுத்தால் சாய்ந்ததை இன்னும் தள்ளிவிடுவது மாதிரிதான்.

காரம் ஏறினால் என்ன ஆகும்? இரத்தத்தில் கால்சியத்தின் ஒரு பங்கு புரதத்தோடு ஒட்டியிருக்கும், இன்னொரு பங்கு கட்டற்று மிதக்கும். நரம்பும் தசையும் பயன்படுத்துவது கட்டற்றதைத்தான். காரத்தன்மை கூடும்போது அதிகக் கால்சியம் புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது. வியர்வையிலும் கொஞ்சம் போயிருக்கிறது. நரம்புகள் சின்னத் தூண்டலுக்கும் துள்ள ஆரம்பிக்கின்றன. மூச்சு இழுக்க உதவும் தசையான உதரவிதானத்தை இயக்கும் நரம்பு இதயத்தின் மேலறையை ஒட்டியே செல்கிறது. சாதாரணமாக இதயத்தின் மின்துடிப்பை அது பொருட்படுத்தாது. இப்போது ஒவ்வொரு துடிப்புக்கும் அதிர்ந்து உதரவிதானத்தைச் சுண்டுகிறது.

இதை நேரில் பார்த்தால் மறக்க முடியாது. ஓடி முடித்து நிற்கும் குதிரையின் விலாப்பகுதியில் விக்கல் போல ஒரு துடிப்பு. மூச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு கையை விலாவில் வைத்துக்கொண்டு, மறுகையால் ஸ்டெதஸ்கோப்பை இடது முழங்கைக்குப் பின்னால் வைத்துக் கேட்டால் இரண்டும் ஒரே தாளம். ஆங்கிலம் பேசும் சவாரிக்காரர்கள் இதைத் 'தம்ப்ஸ்' என்பார்கள். துடிப்பு தானே ஆளைக் கொல்லாது. ஆனால் உள்ளே உப்புச் சமநிலை குலைந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. போட்டியிலிருந்து அந்தக் குதிரையை உடனே விலக்குவார்கள். இரத்தக் குழாய் வழியாகக் கால்சியம் மெதுவாக ஏற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும், அதுவும் இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே மருத்துவர் செய்ய வேண்டிய வேலை. வருஷம் முழுக்கக் குதிரைமசால் என்ற கால்சியம் நிறைந்த தீவனத்தை அள்ளிப் போடுவது இதற்குத் தடுப்பாகாது என்று பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். தீவனத்திலேயே கால்சியம் தாராளமாக வந்துகொண்டிருந்தால், எலும்பிலிருந்து அவசரத்துக்கு எடுத்துக் கொடுக்கும் ஏற்பாட்டை உடல் மந்தமாக்கிவிடும். அதே குதிரைமசாலைப் போட்டி நாளில், இடைவேளையில் கொஞ்சம் தின்னக் கொடுப்பது நல்லது என்பதும் அவர்கள் சொல்வதுதான்.

பொட்டாசியத்தில் கருத்து வேற்றுமை இருக்கிறது. வியர்வையில் போகிறது, ஆகவே கொடுக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. வேலை செய்யும் தசை தன்னிடமிருக்கும் பொட்டாசியத்தை இரத்தத்தில் விடுகிறது, ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஏற்றினால் நரம்பு, தசைத் துடிப்பு கூடலாம், ஓட்டத்தின் நடுவே தவிர்த்துவிட்டு முடிந்த பிறகு கொடுக்கலாம் என்பது மறு கட்சி. எனக்குப் பின்னது நியாயமாகப் படுகிறது. காரணம் எளியது: காய்ந்த புல்லில் பொட்டாசியம் ஏராளம். 10 கிலோ புல்லில் நூற்றைம்பது கிராமுக்கு மேல் இருக்கும். நடுத்தர உடல்வாகுள்ள குதிரைக்கு ஓய்வு நாளில் தேவை 25 கிராம் அளவில்தான். தின்கிற குதிரைக்கு அது தானாகவே வந்து சேரும். சோடியம்தான் புல்லில் மிகக் குறைவு.

ஆகவே உப்பு என்பது போட்டி நாளின் சமாச்சாரம் மட்டும் இல்லை. வியர்க்காத குதிரைக்கே தினமும் 10 கிராம் சோடியம் வேண்டும், அதாவது 25 கிராம் சாதாரண உப்பு. பயிற்சியில் இருக்கும் குதிரைக்கு இன்னும் கூடுதல். லாயத்தில் தொங்கும் உப்புக்கட்டியை நம்பியிருப்பது சரிவராது. சொரசொரப்பான நாக்கு கொண்ட மாடு அதைத் தேய்த்து நக்கும், குதிரை நாக்கு வழவழப்பு. தீவனத்தில் பொடி உப்பாகக் கலந்து கொடுப்பதே மேல். அதே சமயம் முந்தின வாரம் முழுக்க எலக்ட்ரோலைட் திணித்தால் சேமித்து வைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை வேண்டாம். தேவைக்கு மேல் வந்ததைச் சிறுநீரகம் சில மணி நேரத்தில் வெளியே தள்ளிவிடும், போகும்போது தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போகும்.

உண்மையான சேமிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. குதிரையின் பின்குடல் ஒரு பெரிய நீர்த்தொட்டி. நார் நிறைந்த தீவனம் அதில் கிடந்து ஊறும்போது பல பத்து லிட்டர் தண்ணீரையும் அதில் கரைந்த உப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓடும்போது வியர்த்து இழந்ததில் ஒரு பகுதி அங்கிருந்துதான் இரத்தத்துக்கு வருகிறது. முந்தின நாளும் அன்று காலையும் வயிறு நிறையப் புல் தின்ற குதிரை பாதித் தயாரிப்பை முடித்துவிட்டது. தானியத்தை அள்ளிப் போட்டுப் புல்லைக் குறைப்பவர் தொட்டியைக் காலியாக்கிவிட்டு வாளியைத் தேடுகிறார்.

இவ்வளவு செய்தால் குதிரை வேகமாக ஓடுமா? 80 கிலோமீட்டர் போட்டிகளில் அதிக அளவும் குறைந்த அளவும் எலக்ட்ரோலைட் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2006-ல் வந்தது. அதிகம் வாங்கிய குதிரைகளின் இரத்தத்தில் சோடியமும் குளோரைடும் மேலாக இருந்தன. ஓடிய வேகத்தில் வித்தியாசம் இல்லை. உப்பு எரிபொருள் இல்லை, அதிலிருந்து வேகம் வராது. 80 கிலோமீட்டர் இதமான வானிலையில் என்றால், நன்றாகத் தின்று குடிக்கும் குதிரைக்குச் சிறு அளவே போதும். வெயிலில் 160 கிலோமீட்டர் என்றால் கதை வேறு. 1955 முதல் கலிஃபோர்னியாவின் மலைகளில் நடந்துவரும் டெவிஸ் கோப்பைப் போட்டியில் 100 மைலை 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பள்ளத்தாக்குகளில் பகல் வெயில் அடித்துக் கொல்லும். அங்கே மொத்த இழப்பை ஈடுகட்டாமல் விட்டால் கடைசி நாற்பது கிலோமீட்டரில் குதிரை அதைக் காட்டிவிடும்.

எப்படிக் காட்டும்? இதயத் துடிப்பில்தான் முதலில். மருத்துவச் சோதனை நிலையங்களில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 64-க்குக் கீழே இறங்கக் குறிப்பிட்ட நேரம் கொடுப்பார்கள். நீரிழப்பு உள்ள குதிரையின் துடிப்பு இறங்கத் தயங்கும். துடிப்பை எண்ணிவிட்டு, நாற்பது மீட்டர் தூரம் போய்த் திரும்ப டிராட் என்ற மிதமான ஓட்டத்தில் ஓடவிட்டு, தொடங்கியதிலிருந்து ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணுவார்கள். முதல் எண்ணிக்கைக்கே திரும்பினால் நல்லது, நாலைந்து கூடியிருந்தால் மருத்துவர் முகம் மாறும். ஈறை விரலால் அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். வயிற்றின் இரு பக்கமும் குடல் சத்தம் கேட்க வேண்டும். இதில் இரண்டு மூன்று சேர்ந்து மோசமாக இருந்தால் சிரிஞ்சைப் பைக்குள் வைத்துவிடுவதே உத்தமம்.

ஓட்டம் முடிந்த பிறகு பலர் விட்டுவிடும் பகுதி ஒன்று இருக்கிறது. இழந்த எடை அன்றிரவே திரும்புவதில்லை. மறுநாள் காலையிலும் ஒரு பகுதி குறைந்தே இருக்கும். இறுதிக் கோட்டைத் தாண்டியதும் சேணத்தை இறக்கி வண்டியில் ஏற்றிவிட்டால், நின்றபடி ஆடும் பயணத்திலும் அது வியர்க்கும். ஊறவைத்த தீவனத்தில் உப்பைப் பிரித்துப் பிரித்துக் கலந்து, அடுத்த ஒரு நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும். இம்முறை பொட்டாசியத்தையும் தயக்கமின்றிச் சேர்க்கலாம். வண்டியில் ஏற்றும் முன் அது ஒருமுறை சிறுநீர் கழிக்கும்வரை காத்திருப்பவர்கள் உண்டு. நிறம் கரும்பழுப்பாக இருந்தால் தசை சிதைந்திருக்கிறது, மருத்துவரைக் கூப்பிட வேண்டும். வெளிர் மஞ்சளாக வந்தால் வாளியை இன்னொருமுறை நிரப்பி வைத்துவிட்டு, புல் தின்னும் சத்தத்தைக் கேட்டபடி பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.